முன் சீட்டு மாப்பிள்ளை

"பின்னாடி ஏறு."

காரின் முன்கதவைத் திறக்கப் போன மனைவி, கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"உன்னைத்தான். இங்க வேற யாரு இருக்கா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். வண்டியில வேற யாருமே இல்ல. அப்புறம் நான் எதுக்குப் பின்னாடி ஏறணும்?"

நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் மனிதர், அவசரமாக ஒன்றைத் தயாரித்தார்.

"ஸ்பிரிங் போயிடுச்சு. அந்த சீட்டுல. குத்தும்."

"நேத்து வரைக்கும் குத்தலையே?"

"நேத்து குத்தலைன்னா இன்னிக்குக் குத்தாதா? ஆபத்து என்ன, முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லிட்டா வரும்?"

இந்தத் தொனி வந்துவிட்டால் அடுத்து ஒரு சொற்பொழிவு வரும் என்பது அவளுக்குத் தெரியும். பின்னால் ஏறிக்கொண்டாள்.

அவர் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. தொழிலாளிகள் வைத்த பெயர் 'ஜாக்கிரதை'. கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர் எழுதிய வாசகம் ஒன்று இருக்கும். மாடிப்படியில் 'கைப்பிடியைப் பிடி, வாழ்க்கை உன்னைப் பிடிக்கும்.' கேன்டீனில் 'டீ சூடானது, நாக்கு மிருதுவானது.' வாசல் கேட்டுக்கு மேலே, ஆளுயர எழுத்தில், 'நாளைக்குப் பார்க்கலாம் என்றவன், நாளையைப் பார்க்கவில்லை.' ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையெழுத்து, கவிஞர்களுக்கு இருப்பதுபோல.

ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது வேறு.

முந்தின நாள் மதியம் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், உங்க வண்டி ஏர்பேக்ல குறை இருக்கு, கொண்டு வாங்க, இலவசமா மாத்தித் தர்றோம்னு மூணு வருஷமா மெசேஜ் அனுப்புறோம். நீங்க வரவே இல்ல."

மெசேஜ் வந்தது உண்மை. அவர் பார்த்ததும் உண்மை. முதல் வருஷம், அடுத்த மாசம் போகலாம் என்று நினைத்தார். இரண்டாம் வருஷம் பாதுகாப்பு மாநாட்டில் பேசும் வேலை வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் யோசிக்கவே தேவைப்படவில்லை. மெசேஜைத் திறக்காமல் தள்ளிவிடக் கட்டைவிரல் தானாகவே பழகியிருந்தது.

"அப்படி என்னம்மா பெரிய குறை?"

"எங்கயாவது இடிச்சா அந்தப் பை விரியும் இல்லையா சார்? விரியறப்போ உள்ளே இருக்கிற இரும்பு டப்பா உடைஞ்சு, துண்டு துண்டா முகத்துல அடிக்கும்."

ஜாக்கிரதை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையிலேயே கொண்டு வர்றேன்."

"இப்ப பார்ட் வரல சார். அப்பவே வந்திருந்தா இருந்துச்சு. பழைய மாடல் பாருங்க, எப்ப வரும்னு எங்களுக்கே தெரியல. வந்ததும் கூப்பிடுறோம். அதுவரைக்கும் நீங்க..."

"முன் சீட்டுல யாரையும் உட்கார வைக்கக் கூடாது. அதானே?"

"சார், உங்க மாடல்ல வந்து..."

"என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியும்மா. நான் யாருன்னு நினைச்சீங்க? பாதுகாப்பு அதிகாரி. இதையெல்லாம் ஊருக்குப் பாடம் எடுக்கிறவன்."

அவள் அதற்குமேலும் ஏதோ சொல்ல வந்தாள். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்தவர் ஆரம்பித்த பேச்சைத் தானே முடித்து வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம்.

வைத்த பிறகுதான் அந்த இரண்டு சொற்கள் வந்து சுருக்கென்று தைத்தன. பார்ட் வரல.

போன வாரம் அதே இரண்டு சொற்களைச் சொன்னதற்காக ஒரு மனிதரைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றியிருந்தார். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர். ஜாக்கிரதையைவிட வயதில் மூத்தவர். வண்டியின் ஹாரன் கெட்டுவிட்டது. ஸ்டோரில் பலமுறை கேட்டும் மாற்று ஹாரன் கிடைக்கவில்லை. சரக்கோ நிற்காது. அதனால் பாவம், "பாம்... பாம்... ஓரம் ஓரம்!" என்று வாயாலேயே கத்திக்கொண்டு ஓட்டினார்.

"அதை இங்க மைக்குல செஞ்சு காட்டு," என்றார் ஜாக்கிரதை.

"சார், பார்ட் வரல சார்..."

"பார்ட் வரலங்கிறது பதில் இல்லப்பா. சாக்கு! உம், அடி ஹாரன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு மைக்கில் "பாம்" என்றார். தொழிற்சாலையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ஹாரன். வீட்டில் பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

இப்போது ஜாக்கிரதையின் வண்டியில், மூன்று வருஷ அலட்சியம் முன்பக்கம் மடித்து வைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. வெளியே தெரிந்தால்? அந்த மேடை, அந்த மைக், இந்த முறை அவர். நினைத்தாலே காது மடல் கொதித்தது. மனைவியிடமாவது சொல்லலாம். ஆனால் மூன்று வருஷமாக அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவளே அவள்தான். அதை எந்த வாயால் சொல்வது? பார்ட் வரும்வரை சமாளித்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்.

பின்னால் ஏறிய அன்று மாலையே மனைவி, சீட் தைக்கும் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அவர் சீட்டை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஏறி இரண்டு தரம் குதித்தும் பார்த்தார்.

"ஸ்பிரிங் அம்சமா இருக்கேம்மா. இந்த வண்டியிலேயே ஒழுங்கா இருக்கிறது இந்த சீட்டு ஒண்ணுதான்."

மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் டயரைப் பார்த்தார்.

மறுநாள் அவர் செய்ததுதான் பெரிய கூத்து. தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சிக்காக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. ஆளுயரம், ஆள் கனம். தலையில் ஹெல்மெட், உடம்பில் ஆரஞ்சு நிறச் சட்டை. வாயில் காற்று ஊதிப் பழகுவதற்கு இருக்கிறது. எந்நேரமும் ஜம்மென்று படுத்தே கிடக்கும், யாராவது வந்து கவனித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் தொழிலாளிகள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜாக்கிரதை அந்த மாப்பிள்ளையைத் தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார்.

"இது யாரு?" என்றாள் மனைவி.

"விழிப்புணர்வு."

"என்னது?"

"சீட் பெல்ட் விழிப்புணர்வு. ரோட்டுல போறவங்க பார்ப்பாங்க. பார்த்துட்டு யோசிப்பாங்க."

"என்னன்னு யோசிப்பாங்க? கட்டினவளைப் பின்னாடி தள்ளிட்டு ரப்பர் பொம்மையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போறாரே, இவருக்குக் கழண்டுடுச்சான்னா?"

ஊர் யோசித்தது அவள் சொன்னதைவிட மோசம். எதிர்வீட்டுக்காரர், "வீட்டுக்கு விருந்தாளி போல இருக்கு, இறங்கவே மாட்டேங்கிறாரே?" என்று விசாரித்தார். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட இருப்பவர்கள், "முன்னாடி வர்றது உங்க மச்சினரா? ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாரே, என்ன கோபம்?" என்று கேட்டார்கள். பொம்மை என்று சொல்வதா, மச்சினர் என்று சொல்வதா, எது குறைவான அவமானம் என்று அவளுக்குப் புரியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மாத்திரை அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஒரு சாயங்காலம் வண்டியில் வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. சண்டைக்குரல் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"என்னைப் பக்கத்துல உட்கார வச்சுக்க உங்களுக்கு வெட்கமா இருக்கா?"

கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. ஜாக்கிரதை கண்ணாடியைச் சற்றுத் திருப்பிவிட்டார். வெட்கம் இருந்தது, கழுத்துவரைக்கும் இருந்தது. யாரைப் பற்றி என்பதில்தான் அவள் கணக்கு தப்பியிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஸ்பீட் பிரேக்கர்... கெட்டியா பிடிச்சுக்கோ," என்றுதான் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். வீட்டில் பேச்சு, "உப்பு வேணுமா?" என்ற அளவுக்குச் சுருங்கியது. பிறகு உப்பையும் கேட்காமலே கொண்டு வந்து வைத்தாள். ஜாக்கிரதை தினமும் மாப்பிள்ளையோடு தனியாகத் தொழிற்சாலைக்குப் போனார். வாசலில் தன் கையால் எழுதிய வாசகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டியதில், ஒரு நாள் கேட்டின் தூணிலேயே மோதப் பார்த்தார். வாட்ச்மேன் விசில் ஊதி நிறுத்தினார்.

"ஜாக்கிரதை சார், ஜாக்கிரதை!"

இரண்டில் எது பெயர், எது எச்சரிக்கை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் போதாதென்று, தொழிற்சாலையின் பெரிய அதிகாரியான ஜி.எம். கண்ணில் மாப்பிள்ளை பட்டுவிட்டார். ஜி.எம்.முக்குப் படம் எடுத்துக்கொள்வதில் ஒரு பிரியம். எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும், அதில் தான் எங்கே நிற்கலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

"யாரோட ஐடியா இது?"

"என்னோடதுதான் சார்." வாய் முந்திக்கொண்டது. பாராட்டு வாசனை அடித்தால் ஜாக்கிரதையின் வாய் யாரையும் கலந்து பேசாது.

"பிரமாதம்! பாதுகாப்பு வார விழாவை இந்த வண்டியிலேயே ஆரம்பிச்சுடலாம். பொம்மை இருக்கிற இடத்துல நான் உட்கார்றேன், நீங்க ஓட்டுங்க. கேட்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு. எல்லார் குடும்பத்தையும் கூப்பிட்டுடுங்க."

"சார், பின் சீட்டுல உட்கார்ந்தா இன்னும் கம்பீரமா..."

"பின் சீட்டுல உட்கார்ந்தா படத்துல எப்படிய்யா தெரியும்?"

ஜாக்கிரதை சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டார். எடுத்தது ஒரு பதிவு செய்த குரல். உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கவலை என்றது, பிறகு நெடுநேரம் பாட்டுப் போட்டது. அவருக்கு அந்த வாசகம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. அவரே எழுதியிருக்கக்கூடியதுதான்.

விழா நாள். முற்றத்தில் நாற்காலிகள், தோரணம், மைக். முதல் வரிசையில் மனைவி, அழைப்பு வந்த மரியாதைக்காக உட்கார்ந்திருந்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஓரத்தில் ஃபோர்க்லிஃப்ட், அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு ஹாரன்.

ஜி.எம். பொம்மையைத் தானே அலாக்காகத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "எடுங்க வண்டியை."

ஜாக்கிரதை சாவியில் கை வைத்தார். அதைத் திருப்ப முடியவில்லை. மனைவிக்கு ஆபத்து என்று தெரியாமல் மூன்று வருஷம் ஓட்டியது வேறு. தெரிந்தே ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போவது வேறு. ஜாக்கிரதை பகட்டு ஆசாமிதான். பாவி இல்லை.

"சார், இறங்குங்க."

"என்னய்யா?"

"தயவு செஞ்சு இறங்கிடுங்க. இந்த வண்டியில முன்பக்க ஏர்பேக் கெட்டுப் போயிருக்கு. இடிச்சா முகத்துல வெடிக்கும். கொண்டு வா, மாத்தித் தர்றோம்னு மூணு வருஷமா சொல்லியும் நான் போகல. சோம்பேறித்தனம். இப்ப போனா பார்ட் வரல. வெளியே சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் பொம்மையை வச்சேன்."

மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் வர்ணனைக்காக அவர் சட்டையில் குத்தியிருந்த மைக், தன் கடமையைச் செய்தது. 'வெட்கமா இருந்துச்சு... இருந்துச்சு... துச்சு' என்று எதிர்ச்சுவர் திருப்பிச் சொன்னது.

முற்றத்தில் எல்லாத் தலைகளும் வண்டியின் பக்கம் திரும்பின. பிறகு ஃபோர்க்லிஃப்ட் பக்கமிருந்து ஒரு குரல், நிதானமாக:

"பார்ட் வரலங்கிறது பதில் இல்ல சார். சாக்கு."

சிரிப்பு எழுந்தது பாருங்கள், தோரணமே ஆடியது. வாட்ச்மேன் சிரித்தார். கேமராக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்தார். வண்டியிலிருந்து இறங்கிய ஜி.எம்.கூட, பக்கத்துச் சுவரில் இருந்த வாசகம் ஒன்றைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஜாக்கிரதைக்கு நிலம் பிளக்கவில்லை. சிமென்ட் தரை, அவரே மேற்பார்வை பார்த்துப் போட்டது.

அவர் இறங்கி நேராக ஹாரனிடம் போனார். "அன்னிக்கு உங்களை மேடையேத்தினது தப்பு," என்றார். அந்த மனிதரிடம் அவர் வாயில் 'உங்களை' வந்தது அதுவே முதல் தடவை. "மன்னிச்சுடுங்க."

ஹாரன் இதை எதிர்பார்க்கவில்லை. "சரி விடுங்க சார்..." என்று ஃபோர்க்லிஃப்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மைக் இன்னும் சட்டையில் இருந்தது, கூட்டமும் இருந்தது.

"இப்பவே வண்டியை சர்வீஸ் சென்டர்ல கொண்டுபோய் விடப் போறேன்! பார்ட் வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கட்டும். என் பொண்டாட்டி மூணு வருஷம் உட்கார்ந்த அந்த ஆபத்தான சீட்டுல இன்னிக்கு நான் உட்கார்ந்து போறேன். அதான் எனக்குத் தண்டனை. அண்ணே, நீங்க வந்து வண்டியை ஓட்டுங்க."

"நானா? ஏதாவது ஆயிடப் போகுது சார்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆபத்தெல்லாம் என் பக்கம்தான்."

கைதட்டல் கேட்டது. ஜாக்கிரதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தூக்குமேடை ஏறும் வீரனைப்போல முன் சீட்டில் ஏறினார். பின்னால் மாப்பிள்ளை. அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, யாரும் கூப்பிடாமலே மனைவியும் ஏறிக்கொண்டாள்.

ஹாரன் மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் பல மாதங்களாக வாயால் கத்தி ஓட்டிய மனிதருக்கு, அமுக்கினால் சத்தம் வரும் ஒரு பொத்தான் கிடைத்ததும் தாங்கவில்லை. நாய்க்கு ஹாரன் அடித்தார். தெருவிளக்குக் கம்பத்துக்கு அடித்தார். பூட்டிக் கிடந்த கடைக்கு அடித்தார். எதுவுமே எதிரில் வராதபோது, வராததற்காக ஒன்று அடித்தார்.

"ஆசை தீர அடிங்கண்ணே," என்றார் ஜாக்கிரதை, பெருந்தன்மையோடு. "உள்ளங்கையால நல்லா குத்தி அடிங்க. பழைய வண்டி, லேசா அமுக்கினா கேக்காது."

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் விழுந்தது.

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நான் என்னென்னவோ நினைச்சு..."

"வெட்கமா இருந்துச்சு."

"என்னை நினைச்சுன்னு இருந்தேன்."

"சேச்சே. என்னை நினைச்சுதான்."

"முன்னாடி பார்த்து உட்காருங்க. சாய்ஞ்சுக்கோங்க, டாஷ்போர்டுகிட்டப் போகாதீங்க," என்றாள் அவள். அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். இத்தனை அவமானத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு சின்ன இதம். தவறு செய்தவன் அந்தத் தவறின் எதிரிலேயே போய் உட்கார்கிறான்! வாசலுக்கு இதை ஒரு வாசகமாக எழுதலாமா என்றுகூட யோசனை ஓடியது.

சர்வீஸ் சென்டர் வந்தது. ஹாரன் வாசலில் நிறுத்தி, வந்துவிட்டோம் என்பதற்கு நீளமாக அடித்தார். யாரும் வரவில்லை. உள்ளங்கையை ஓங்கி இன்னும் இரண்டு குத்துக் குத்தினார். கவுன்ட்டர் பெண் கையில் பேனாவோடு பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஜாக்கிரதை கண்ணாடியை இறக்கினார்.

"அன்னிக்கு போன்ல பேசினது நீங்கதானேம்மா? நீங்க சொன்னதை நான் அப்படியே கடைப்பிடிச்சேன். ஒரு உயிரைக்கூட இந்த சீட்டுல உட்கார விடல. இன்னிக்கு மட்டும், தண்டனையா, நானே உட்கார்ந்து வந்திருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பின்னால் ஹெல்மெட்டோடு சாய்ந்திருந்த பொம்மையைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங் நடுவில் மறுபடியும் கையை ஓங்கிய ஹாரனைப் பார்த்தாள்.

"ஐயோ சார், உங்க மாடல்ல இருக்கிறதே ஒரே ஒரு ஏர்பேக்தான், முதல்ல அந்தப் பெரியவரை ஹாரன்லேருந்து கையை எடுக்கச் சொல்லுங்க, அது அந்த ஸ்டியரிங்குக்குள்ளதான் இருக்கு!"